தன் முகம் வரையும் உரிமை

ஆரையம்பதியில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த ஊர் அது. ஊரில் மலை கிடையாது. ஆயினும் அவ்வூர்ச் சிறுவன் ஒருவனிடம் தாளையும் வண்ணங்களையும் கொடுத்துக் காலைக் காட்சியொன்றை வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகளை வரைவான். அவற்றின் நடுவே பாதி எழுந்த சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு வீடு. பக்கத்தில் ஒரு மரம். அந்த ஆற்றை அவன் கண்டதில்லை. அந்த வீட்டில் அவனுக்குத் தெரிந்தவர் எவரும் குடியிருக்கவில்லை. நாள்தோறும் தன் வாசலுக்கு நேரே கடலைப் பிளந்துகொண்டு எழும் சூரியனை விட்டுவிட்டு, யாரோ எப்போதோ கற்பித்த சூரியனையே அவன் தாளில் இறக்கி வைக்கிறான்.

இதனினும் மனத்தை உறுத்திய காட்சி ஒன்றும் உண்டு. அப்பகுதியில் ஒரு வகுப்பறையிலே 'நான்' என்னும் தலைப்பில் படம் வரையுமாறு சிறுவர்களிடம் சொல்லப்பட்ட வேளையில் நான் அங்கே இருந்தேன். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வளர்ந்த, நல்ல கருநிறம் வாய்ந்த சிறுமியொருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கையை நீட்டினாள். "தோல் நிறத்த ஒருக்காத் தாகா" என்று கேட்டாள். அவள் 'தோல் நிறம்' என்று குறித்தது இளஞ்சிவப்புப் பஸ்டல் குச்சியொன்றை. அந்த வகுப்பில் இருந்த எவருடைய தோலும் அந்நிறத்தில் இல்லை. ஆசிரியருடைய தோலும் இல்லை. ஆயினும் அந்தக் குச்சி கைமாறிக் கைமாறி வாங்கு வாங்காகச் சுற்றி வந்தது. மணி அடித்தபோது மேசையின்மேல் குவிந்த தாள்களில் இருந்த முகங்கள் யாவும் ஒரே நிறத்தில் இருந்தன. அங்கிருந்த பிள்ளைகளுள் ஒருவர்கூட அத்தாள்களில் இல்லை.

எவரும் அச்சிறுமியை ஏமாற்றவில்லை. எவரும் அவளை இழித்துரைக்கவுமில்லை. பாடநூற் படங்களும், சுவர் நாட்காட்டிகளும், முகப்பூச்சு விளம்பரங்களும், பெரியவர்கள் பெண் பார்க்கும்போது பேசிக்கொள்ளும் பேச்சுகளும் சேர்ந்து சிறுகச் சிறுக அவளுக்கு ஒன்றைக் கற்பித்திருந்தன. வரையத்தக்க முகம் வேறு, தன் முகம் வேறு என்பதே அப்பாடம். கண் எதைக் காண வேண்டும் என்பதைக் கண் தானாக முடிவு செய்வதில்லை. அதைச் சமுதாயம் முடிவு செய்கிறது. ஆகவே சிறுவருக்குச் சித்திரம் கற்பிப்பது கைத்திறன் பற்றிய கேள்வி மட்டும் அன்று. நீதி பற்றிய கேள்வியும் ஆகும். யாருடைய முகம் பார்க்கத்தக்கது? யாருடைய முகம் காக்கத்தக்கது? அதைத் தீர்மானிப்பவர் யார்? இவை தத்துவவாதிகளின் வினாக்களாகத் தோன்றலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் சித்திரக் கொப்பியில் இவற்றுக்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டுவிடுகிறது.

*

பிள்ளைகளைக் கலைக்கு அறிமுகப்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் முதலில் நினைப்பது நூதனசாலையை. ஈழத் தமிழர் வழங்கும் இச்சொல்லே சுவையானது. பழம்பொருள்களைக் காக்கும் வீட்டுக்குப் புதுமையின் பெயரை நம் முன்னோர் இட்டனர். காணாதவற்றைக் காணும் இடம் என்று கருதினர் போலும். ஆயின் நடைமுறையில் நம் பிள்ளைகள் அங்கே காண்பது என்ன? சுற்றுலா என்ற பெயரில் விடியுமுன் புறப்படும் பேருந்து; கொழும்பை அடைந்ததும் விலங்குக் காட்சிச்சாலை, கடற்கரை, கடைத்தெரு; இவற்றுக்கு நடுவே ஓர் அரைமணி நேரம் நூதனசாலை. முன்னே செல்பவனின் முதுகைப் பார்த்தபடி வரிசையாக உள்ளே போய் வரிசையாக வெளியே வருகிறார்கள். "கை வைக்காதே", "நிற்காதே", "பேசாதே" என்னும் மூன்று கட்டளைகளே அவர்கள் அங்கே பெறும் கலைக்கல்வி.

அந்த அரைமணி நேரத்தைச் சற்று நீட்டி, கண்ணைத் திறந்துவைத்துப் பார்ப்போம். கொழும்பு தேசிய நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அதனை நிறுவிய ஆளுநர் வில்லியம் கிறெகறியின் சிலை கட்டடத்தின் முன்னே கம்பீரமாக நிற்கிறது. அக்கட்டடத்தை எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தக்காரர். அவருக்காகக் கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு குழைத்தவர்களும் யார் என்று கேட்டால் பதிலில்லை. உள்ளே கண்டி மன்னர்களின் சிம்மாசனமும் முடியும் இருக்கின்றன. 1815இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அரசின் சின்னங்களான அவை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1934இல் திருப்பித் தரப்பட்டவை. பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள். அமர்ந்தவரின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தத் தங்கத்தைத் தட்டியவரின் பெயரைச் சொல்லிக் கொடுக்க இயலாது.

நம் கரைக்கு உரிய இன்னொரு பொருள் கொழும்பிலும் இல்லை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் கண்டெடுக்கப்பட்ட தாராதேவியின் திருவுருவம் அது. ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொன் முலாம் பூசிய வெண்கலம். உயரம் 143 சென்றிமீற்றர், அதாவது நம் பள்ளிக்கூடத்துப் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையின் உயரம். ஆளுநராக இருந்த றொபேட் பிறவுன்றிக் அதனை எடுத்துச் சென்று 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். இன்று உலகப் புகழ் பெற்ற கலைச்செல்வங்களுள் ஒன்றாக அது இலண்டனில் இருக்கிறது. அச்சிலை புதைந்து கிடந்த மண்ணில் பிறந்த பிள்ளை அதைப் பார்க்க வேண்டுமாயின் கடவுச்சீட்டும் விசாவும் விமானச் சீட்டும் வேண்டும்.

ஆகவே நூதனசாலை என்பது களங்கமற்ற கலைக்கோயில் என்று பிள்ளைகளுக்குப் போதிப்பது பொய் போதிப்பதாகும். யார் வென்றார், யார் தோற்றார், யாரிடம் பணம் இருந்தது, யாரிடம் கப்பல் இருந்தது என்னும் வரலாறும் அந்தக் கண்ணாடிப் பேழைகளுக்குள்ளே அடங்கியிருக்கிறது. ஆனால் இக்காரணத்தைக் கொண்டு நூதனசாலையை வெறுத்து ஒதுக்குவதும் பேதைமையே. உழைத்தவனின் கை செய்த பொருள் அங்கேதான் இருக்கிறது. அவன் பெயர் அழிந்தாலும் அவன் கைவண்ணம் அழியவில்லை. பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லவேண்டும். அழைத்துச் சென்று, இருப்பதைப் பார்க்கவும் இல்லாததைக் கேட்கவும் கற்பிக்கவேண்டும்.

கொழும்புக்குப் போக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்யவேண்டும் என்று ஆரையம்பதி ஆசிரியர் சொன்னால் அதுவும் நியாயமே. அவருக்கு அண்மையில் மட்டக்களப்புக் கோட்டை இருக்கிறது. காத்தான்குடியையும் நாவற்குடாவையும் கடந்து, கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் புளியந்தீவு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின் ஆங்கிலேயர் ஆண்டு, நெடுங்காலம் கச்சேரி அலுவலகங்கள் இயங்கிய அக்கோட்டைக்குள் சிறியதொரு நூதனசாலையும் அமைக்கப்பட்டது. ஒருமுறை சில பிள்ளைகளோடு அங்கே போயிருந்தேன். மதிலின்மேல் இருந்த பழைய பீரங்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன், "சேர், இது எந்தப் பக்கம் பார்த்துச் சுடுற?" என்று கேட்டான். வாவியைக் காட்டினேன். சற்று யோசித்துவிட்டு, "அங்கால இருந்தது எங்கட ஆக்கள்தானே?" என்றான். அவனுக்குப் பதினொரு வயது இருக்கலாம். அரசாட்சி பற்றிய பாடம் அன்று நடத்தி முடிந்துவிட்டது. நடத்தியவன் நான் அல்லன்.

*

இந்த இடத்திலேதான் தன்னுருவச் சித்திரத்தின் பொருள் விளங்கத் தொடங்குகிறது.

உருவச் சித்திரம் நெடுங்காலம் வரை விலை கொடுக்க வல்லவருக்கே உரியதாயிருந்தது. மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் பல்லவ மன்னர்கள் தம் தேவியரோடு நிற்கிறார்கள். கல்லைக் குடைந்த சிற்பி அங்கே இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைக் கல்வெட்டு காப்பாற்றித் தந்திருக்கிறது. முகத்தைக் காப்பாற்றித் தரவில்லை. ஐரோப்பாவிலும் மன்னரும் மதகுருமாரும் வணிகரும் பணம் கொடுத்துத் தம் முகங்களைச் சுவரில் ஏற்றினர். அந்த ஏற்பாட்டில் கண்ணாடி ஒன்று பெரும் உடைப்பை உண்டாக்கியது. கண்ணாடி முன் அமர்ந்த ஓவியனுக்கு எவரும் கூலி தரவேண்டியதில்லை. எவருடைய அனுமதியும் அவனுக்கு வேண்டியதில்லை.

1484இல் செருமானிய நகரான நூரம்பேர்க்கில், பொற்கொல்லர் ஒருவரின் மகன் கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைந்தான். வெள்ளிக் கூரால் வரைந்தான். அந்தக் கோட்டை எளிதில் அழிக்க இயலாது. அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று. பின்னாளில் பேரோவியனாகிய ஆல்பிரெக்ட் டியூரர்தான் அச்சிறுவன். தான் சிறுவனாயிருந்தபோது கண்ணாடி பார்த்து வரைந்தது என்று அவரே அதன்மேல் பிற்காலத்தில் குறித்து வைத்தார். வியன்னாவில் காக்கப்படும் அத்தாளின் படியொன்றை எட்டாந் தர மாணவரிடம் காட்டினால், பெரிய ஓவியர் என்ற அச்சம் நீங்கி, "எங்கட வயசுதானே" என்று சொல்வார்கள். எந்த விரிவுரையும் செய்ய இயலாததை அத்தாள் செய்யும்.

ஒல்லாந்தரின் பெயரை நாம் கோட்டைகளோடும் பீரங்கிகளோடும் சேர்த்தே நினைவு வைத்திருக்கிறோம். மட்டக்களப்பை அவர்கள் கைப்பற்றிய அதே காலத்தில் அவர்கள் நாட்டிலே றெம்பிராண்ட் தன் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். இளமை தொட்டு, 1669இல் இறந்த ஆண்டுவரை, வண்ணத்திலும் செதுக்கச்சிலும் கோட்டுச் சித்திரத்திலுமாக ஏறத்தாழ எண்பது முறை தன்னை அவர் பதிவு செய்தார். இளம் வயதுப் படங்களில் விலையுயர்ந்த உடைகளும் தொப்பிகளும் இருக்கின்றன. 1656இல் கடனில் மூழ்கி, வீட்டையும் சேகரித்த பொருள்களையும் இழந்தார். அதன் பின்னரும் வரைந்தார். தொங்கிய கன்னமும் வீங்கிய மூக்கும் களைத்த கண்ணும் உள்ளபடியே அப்படங்களில் வருகின்றன. தன்னிடமே பொய் சொல்லாத ஒரு மனிதனை நாம் அங்கே சந்திக்கிறோம். தன்னுருவச் சித்திரம் பிள்ளைக்குக் கற்பிக்கவல்ல முதல் அறம் இதுதான். அழகாகத் தோன்ற வரையாதே, இருப்பதைப் பார்த்து வரை என்பது சித்திர விதி மட்டுமன்று. வாழ்க்கை விதியும் ஆகும்.

*

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது தடை வயிற்றின் பெயரால் வருகிறது. காலை உணவின்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குக் கண்ணாடியும் கரித்துண்டும் எதற்கு? ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறினாலல்லவா அவனுக்கு வழி பிறக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஏழைகளின் நண்பர்களாகவே பேசுகிறார்கள். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வசதி படைத்தவர் தம் பிள்ளைக்குச் சோறு, கல்வி, கலை மூன்றும் தருகிறார்; எது முதலில் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுவதே இல்லை. ஏழையின் வீட்டு வாசலில் மட்டும் இந்த வரிசை வைக்கப்படுகிறது. சோற்றுக்குப் போராடுவோர் தாம் மதிப்புடைய மனிதர் என்று உணர்ந்தபடியாலேயே போராடுகின்றனர். தன் முகம் வரையத் தகாதது என்று நம்பி வளரும் பிள்ளை, தன் கூலி குறைவு என்று கேட்கவும் கூசும்.

இரண்டாவது தடை நம்மவரிடமிருந்தே வருகிறது. சமுதாயத்தை மாற்ற விழைவோர் 'நாம்' என்று சிந்திக்கவேண்டுமே தவிர 'நான்' என்று கண்ணாடி முன் அமர்வது முதலாளித்துவத் தன்முனைப்பு ஆகாதா? கைத்தொலைபேசியில் நாளொன்றுக்குப் பத்துமுறை தன்னைத் தானே படம் பிடிக்கும் காலத்தில் இக்கேள்விக்குக் கூர்மை அதிகம். ஆனால் கைத்தொலைபேசிப் படமும் தன்னுருவச் சித்திரமும் ஒன்றல்ல. அப்படம் ஒரு நொடியில் முடிகிறது. பிறர் பார்த்து மெச்சுவதற்காக எடுக்கப்படுகிறது. தோலை வெளுக்கச் செய்யும் வித்தையும் அக்கருவிக்குள்ளேயே இருக்கிறது. இளஞ்சிவப்புப் பஸ்டலின் இன்றைய வடிவம் அது. ஒருமணி நேரம் அமர்ந்து தன் கண்ணின் கீழுள்ள நிழலைப் பார்த்து வரைபவன் மெச்சுதலைத் தேடுவதில்லை. தன்னை அறிய முயல்கிறான்.

இதற்கு மேலான விடையைத் தந்தவர் கேத்தே கொல்விட்ஸ். பேர்லினில் உழைப்பாளர் குடியிருப்பிலே மருத்துவராகப் பணிபுரிந்த கணவரோடு வாழ்ந்து, ஏழைத் தாய்மாரையும் வேலைநிறுத்தம் செய்த நெசவாளரையும் வரைந்தவர் அவர். தன் முகத்தையும் வாழ்நாள் முழுவதும் வரைந்துகொண்டிருந்தார். 1914இல், முதலாம் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களுக்குள், அவருடைய இளைய மகன் பீற்றர் போர்க்களத்தில் இறந்தான். மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய எண்ணிய தாய்க்கு அதனை முடிக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1932இல் பெல்ஜியத்தில் வைக்கப்பட்ட அச்சின்னத்தில் மகன் இல்லை. மண்டியிட்ட தந்தையும் தாயும் மட்டுமே உள்ளனர். அம்முகங்கள் அவருடைய கணவரின் முகமும் அவருடைய சொந்த முகமும் ஆகும். அக்கல்லின் முன் நிற்கும் எந்தத் தாயும் அது வேறொருத்தியின் முகம் என்று எண்ணமாட்டாள். 'நான்' என்பதை ஆழத் தோண்டியவர் 'நாம்' என்ற ஊற்றைக் கண்டார். தன் துயரத்தை உண்மையாகப் பார்க்கத் தெரியாதவன் பிறர் துயரத்தைப் பற்றிச் செய்யும் பிரசங்கம் வெறும் ஓசையே.

மூன்றாவது தடை நம் மரபின் பெயரால் எழுகிறது. கொழும்பில் 1877இல் பிறந்த தமிழர் ஆனந்த குமாரசுவாமி, உலகின் பெரும் நூதனசாலைகளுள் ஒன்றான பொஸ்ரன் கலைக்கூடத்தில் 1917 முதல் 1947இல் இறக்கும்வரை பணிபுரிந்தவர். நூதனசாலைக்குள் இருந்துகொண்டே நூதனசாலையை விமர்சித்தார். அங்கே உள்ளவை பார்வைக்கு வைக்கச் செய்யப்பட்டவை அல்ல, வாழ்வில் பயன்படச் செய்யப்பட்டவை; பண்டைக் கலைஞன் தன்னை வெளிப்படுத்த முனையவில்லை, தன் பெயரைப் பொறிக்கவும் இல்லை என்று வாதித்தார். இதன் முற்பாதி பொன்னான உண்மை. கண்ணகை அம்மன் சடங்கில் ஒலிக்கும் உடுக்கையும், கூத்துக் களரியில் அண்ணாவியார் கையிலுள்ள மத்தளமும் பேழைக்குள் வைக்கப்பட்டால் ஊமையாகிவிடும். பிற்பாதியோடு நாம் முழுதும் உடன்பட இயலவில்லை. பெயரைத் துறப்பது துறவு. பெயர் மறுக்கப்படுவது வேறு. கோயிலைக் கட்டியவரின் வழிவந்தோர் பலர் அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாட்டில், சிற்பியின் மௌனம் முழுவதையும் பணிவு என்று போற்றுவது வசதியான போற்றுதல்.

மரபு வேறொரு கண்ணாடியையும் நமக்குத் தந்திருக்கிறது. கேரளத்துக் களவங்கோட்டில் 1927ஆம் ஆண்டு நாராயண குரு ஒரு கோயிலில் தெய்வ உருவுக்குப் பதிலாகக் கண்ணாடியொன்றை நிறுவினார். தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசல் மறுக்கப்பட்ட மக்கள் சந்நிதியில் நின்று ஏறிட்டுப் பார்த்தபோது கண்டது தம் முகத்தை. அதன் ஆன்மிகப் பொருளை ஆன்மிகவாதிகள் விளக்கட்டும். அதன் சமுதாயப் பொருளை விளங்கிக்கொள்ள எவருக்கும் விளக்கவுரை தேவையில்லை.

*

மட்டக்களப்பில் இந்தப் பொருளைப் பேசுவோர்க்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. ஏனெனில் இங்கே மனித முகம் ஒரு தலைமுறைக் காலம் அச்சத்தின் பொருளாயிருந்தது.

நம் வீடுகளில் சென்ற தலைமுறையினரின் முகங்கள் எவ்விதம் எஞ்சின? பலருக்குத் தேசிய அடையாள அட்டைக்காக எடுத்த படம் ஒன்றே மிஞ்சியது. காதும் நெற்றியும் தெரிய, சிரிக்காமல், நேரே பார்த்து, அரசாங்கத்துக்காக எடுக்கப்பட்ட படம் அது. போர்க்காலத்தில் காவலரணில் ஒரு கை அந்த அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கும். சுற்றிவளைப்புகளில் முகம் மூடிய தலையாட்டி முன் ஊர் முழுவதும் ஒவ்வொருவராக நடந்து செல்லவேண்டும்; மூடிய முகம் ஒருமுறை அசைந்தால் திறந்த முகம் ஒன்று மறைந்துவிடும். 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் ஆயுதமேந்திய தமிழ் இயக்கத்தவரால் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் அரச படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. எஞ்சியிருந்த படங்களில் பலவற்றை 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோயிற்று. காணாமற் போன மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வீதியோரம் நிற்கும் தாயின் கையில் இருப்பது, பெரும்பாலும் அதே அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிய ஒன்று. அரசு பார்ப்பதற்காக எடுத்த படமே தாய் பார்ப்பதற்கும் எஞ்சியது.

கால்நூற்றாண்டுக் காலம் முகத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த மண்ணில், பிள்ளைகள் ஒரு முகத்தை ஒருமணி நேரம் அன்போடு உற்றுப் பார்க்கப் பழகுவது சிறிய காரியமா? எதிரே அமர்ந்திருப்பவன் தமிழனா முஸ்லிமா, எந்த ஊர், எந்தக் குடி என்று கண்டுபிடிப்பதற்காக அவர்கள் பார்ப்பதில்லை. அவனுடைய புருவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறியப் பார்க்கிறார்கள். அவ்விதம் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அம்முகத்தை வெறுப்பது எளிதாயிராது. வெறுப்புக்கு மொத்தப் பெயர்கள் போதும். சித்திரத்துக்கு அந்த ஒரு முகமே வேண்டும்.

இது வெறுங் கனவன்று. போர் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பிலே கனடிய ஓவியர் போல் ஹோகனும் யேசு சபைத் துறவியார் போல் சற்குணநாயகமும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஒரே வளவுக்குள் வந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், நடித்தார்கள். பெரியவர்கள் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போக அஞ்சிய நாட்களில் அது நடந்தது. அச்சத்தால் வாயடைத்துப் போன பிள்ளைக்கு வண்ணம் முதலில் வாயாயிற்று. பேச்சு பின்னர் வந்தது.

காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்த ஊர்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து நூதனசாலைக்கு அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். உயிருள்ள உருவங்களை வரைவது பற்றி இஸ்லாமியரிடையே பலவிதக் கருத்துகள் உண்டு. முகத்தை வரைய விரும்பாத வீட்டுப் பிள்ளையை வற்புறுத்துவதும், அவனைத் தனியே உட்கார வைப்பதும் ஒருங்கே தவறு. தன்னை வரைதல் என்பது கண்ணையும் மூக்கையும் வரைதல் மட்டுமன்று. வின்சென்ட் வான்கோ தன் முகத்தை முப்பது தடவைக்கு மேல் தீட்டியவர். ஆயினும் 1888இல் அவர் தீட்டிய வைக்கோற் பின்னல் நாற்காலி, அதன்மேல் இருக்கும் சுங்கானோடும் புகையிலைப் பொதியோடும், அம்முகங்களுக்குச் சற்றும் குறையாமல் அவரையே காட்டுகிறது. வாப்பாவின் தறி, உம்மாவின் பாய், தன் செருப்பு, அழகிய எழுத்தில் தன் பெயர் ஆகியவையும் 'நான்' என்னும் தலைப்பில் அடங்கும். பிறன் மனத்தை நோகடிக்காமல் சேர்ந்து அமரக் கற்பதும் கலைக்கல்வியின் பகுதியே.

*

நடைமுறை பற்றிச் சில சொல்லி முடிக்கிறேன். ஏனெனில் இவ்விதழைப் படிப்போரிற் பலர் வரும் தவணையில் ஒரு வகுப்பின்முன் நிற்கப்போகிறவர்கள்.

நூதனசாலை முழுவதையும் காட்டவேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள் போதும். அதன்முன் அமர்த்துங்கள், அரைமணி நேரம் கொடுங்கள், பென்சிலால் வரையச் சொல்லுங்கள். வரைந்தபின் மூன்று கேள்விகள்: இதைச் செய்தவர் யார்? இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இங்கே இருக்கவேண்டியும் இல்லாதவர் யார்? விடை தெரியாமற் போனால் தெரியாது என்று எழுதட்டும். அந்தத் 'தெரியாது' என்னும் சொல்லே பிள்ளை வரலாற்றுக்குள் நுழையும் வாசல்.

கொழும்புக்கும் கோட்டைக்கும் போக வசதியில்லையெனில் ஊரைப் பாருங்கள். கூத்துடுப்புகள் மடித்து வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து காட்ட அண்ணாவியாரிடம் கேளுங்கள். பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் வேலை செய்தவர் இரவிலே தருமராகவும் அருச்சுனனாகவும் ஆனது எப்படி என்று அவர் சொல்லட்டும். தேய்ந்த துடுப்பும், பாட்டியின் பாக்குவெட்டியும், உடைந்த தறியின் ஓடமும் வகுப்பறை மேசையில் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதைக் கையாண்டவரின் பெயர் எழுதப்பட்டால் அதுவும் நூதனசாலைதான். கொழும்பில் இல்லாத பெயர்கள் அங்கே இருக்கும்.

அதன்பின் கண்ணாடி. முகம் பார்க்கும் சிறு கண்ணாடி எந்த வீட்டிலும் உண்டு. கரிக்கு அடுப்பில் எரிந்த சிரட்டை போதும். வண்ணம் வேண்டுமாயின் பஸ்டல் பெட்டியிலிருந்து அந்த இளஞ்சிவப்புக் குச்சியை எடுத்து ஒருபுறம் வையுங்கள். பிள்ளைகள் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். மஞ்சளையும் சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் மண்ணின் நிறங்கள் யாவும் பிறக்கும் என்று காட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் கலந்த நிறத்தைத் தன் முழங்கையில் வைத்துப் பார்க்கட்டும்; பொருந்தும்வரை கலக்கட்டும். தன்னை வரைந்தபின் பக்கத்திலிருப்பவரை வரையட்டும். பிறகு வீட்டுக்குச் சென்று, இதுவரை எவரும் வரையாத முகம் ஒன்றை வரைந்து வரட்டும். வலை பின்னும் அப்பப்பாவோ, மிக்சர் விற்கும் மாமியோ, அடையாள அட்டையில் மட்டும் எஞ்சியிருக்கும் பெரியப்பாவோ, யாராயிருந்தாலும் சரி.

பள்ளிக்கூட மண்டபங்களில் சுவாமி விபுலானந்தரின் படம் தொங்குகிறது. அது தொங்கவேண்டிய படமே. காரைதீவில் பிறந்த ஒரு பிள்ளை இத்தகைய பேரறிஞராக வளர இயலும் என்பதற்கு அது சான்று. அதன் கீழே ஒரு கயிறு கட்டி, அந்தத் தாள்களையும் தொங்க விடுங்கள். தவணை முடிவில் பெற்றோர் வரும்போது தம் பிள்ளைகளின் முகங்களை அவர்கள் தேடுவார்கள். நான் முன்னர் சொன்ன அந்தச் சிறுமியின் தாயும் வரலாம். அவள் தேடும் முகம் அங்கே இருக்கவேண்டும். அது அவளுடைய மகளின் நிறத்தில் இருக்கவேண்டும்.